அப்டேட்டுக்குப் பின் உங்கள் ரேடியோ உளறுகிறதா?

லினக்ஸ் சிஸ்டத்தில் ஹாம் ரேடியோ இயக்குபவர்களுக்கான வழிகாட்டி

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. திரையின் மூலையில் "அப்டேட் வந்திருக்கிறது" என்று செய்தி வந்தால் உடனே ஓகே கிளிக் செய்துவிடுவோம். அப்டேட் நல்லதுதான், பாதுகாப்புக் குறைகளைச் சரி செய்வதற்கு அது தேவை. ஆனால் கம்ப்யூட்டருடன் வேறொரு கருவியை இணைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு, அப்டேட் முடிந்து மறுபடி ஸ்டார்ட் ஆனதும் சில நேரம் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பிரிண்டர் பேசாது, ஸ்கேனர் தெரியாது. ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கோ, ஒலிபரப்பும் ஒலி கெட்டுப் போயிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிண்டர் கெட்டால் பேப்பரைப் பார்த்ததும் தெரிந்துவிடும். ரேடியோவில் நாம் அனுப்பும் ஒலி நமக்குக் கேட்காது. ஊருக்கெல்லாம் கேட்கும், நமக்கு மட்டும் தெரியாது. ஆகவே கெட்டுப் போனதைக் கண்டுபிடிப்பது எப்படி, சரி செய்வது எப்படி என்று வரிசையாகப் பார்க்கலாம்.

ஒரு கற்பனை நிலையம்

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே இருக்கும் சாயர்புரத்தில் உங்கள் வீடு என்று வைத்துக் கொள்வோம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பனைமரங்களுக்கு இடையே சுமார் 20 மீட்டர் நீளக் கம்பி கட்டியிருக்கிறீர்கள். அதுதான் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான ஏரியல். மேஜையில் ஒரு ரேடியோ. பக்கத்தில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய லேப்டாப். இரண்டுக்கும் நடுவே ஒரு யு.எஸ்.பி. கேபிள்.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துத் தயாரித்தது. விண்டோஸ் ஓட்டத் திணறும் பழைய லேப்டாப்பும் லினக்ஸில் ரேடியோ வேலைக்குத் தாராளமாகப் போதும்.

இந்த நிலையத்தில் நீங்கள் எஃப்.டி.8 என்ற முறையில் செய்தி அனுப்புகிறீர்கள். இதை 2017ல் ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள் உருவாக்கினார்கள். (ஜோ டெய்லர் 1993ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) இதற்கான புரோகிராம் டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ். இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் டைப் செய்யும் சிறு செய்தியை எட்டு வெவ்வேறு சுருதிகள் கொண்ட ஒலியாக அது மாற்றும். மொத்த அகலமே 50 ஹெர்ட்ஸ்தான். 15 விநாடிக்கு ஒரு முறை என்று கடிகாரத்தைப் பார்த்து மாறி மாறி அனுப்புவார்கள். காதுக்குக் கேட்காத அளவு மெலிந்த சிக்னலையும் கம்ப்யூட்டர் படித்துவிடும்.

ஒரு நாள் லினக்ஸை அப்டேட் செய்கிறீர்கள். மறுநாள் மதுரையிலிருந்து ஒரு ஹாம் நண்பர் போனில் கூப்பிடுகிறார். "ஓ.எம்., உங்க சிக்னல் மூணு இடத்துல தெரியுதே, பாருங்க!" (வயது என்னவாக இருந்தாலும் ஹாம்கள் ஒருவரையொருவர் ஓ.எம். என்றுதான் அழைப்பார்கள்.) அவரது திரையில் உங்கள் சிக்னல் ஒரு மெல்லிய கோடாக விழ வேண்டும். அதற்குப் பதில் கோடு தடித்து, அதன் பிரதிகள் வேறு இடங்களிலும் விழுகின்றன. அங்கே பேசிக் கொண்டிருப்பவர்களுக்கு அது இடைஞ்சல்.

முதல் விதி: உடனே ஒலிபரப்பை நிறுத்திவிடுங்கள். ஹாம் லைசென்ஸ் என்பது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு, தேர்வு வைத்துத் தரும் அனுமதி. பிறருக்கு இடையூறு இல்லாமல் இயக்குவது உங்கள் பொறுப்பு. "அப்டேட்தான் காரணம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒலி எந்த வழியாகப் போகிறது?

கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் பிளம்பர் என்ன செய்வார்? நடுவில் ஒரு இடத்தில் குழாயைக் கழற்றிப் பார்ப்பார். அங்கே தண்ணீர் வந்தால் கோளாறு அதற்கு மேலே, வராவிட்டால் கீழே. நாமும் அதையேதான் செய்யப் போகிறோம். அதற்கு முன் குழாய் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும்.

1. டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் புரோகிராம் ஒலியை உருவாக்குகிறது.

2. அந்த ஒலி, சவுண்ட் சர்வர் என்னும் இடைத்தரகரிடம் போகிறது. பல புரோகிராம்களின் ஒலியைக் கலந்து, எந்தக் கருவிக்கு எதை அனுப்புவது என்று தீர்மானிப்பது இதன் வேலை.

3. அங்கிருந்து லினக்ஸ் கெர்னலில் உள்ள ஆல்சா என்ற பகுதிக்குப் போகிறது. சவுண்ட் கார்டை நேரடியாக இயக்குவது இதுதான்.

4. யு.எஸ்.பி. கேபிள் வழியே ரேடியோவுக்குள் இருக்கும் சவுண்ட் கார்டை அடைகிறது. (பழைய ரேடியோ என்றால் இது தனிப் பெட்டியாக வெளியே இருக்கும்.)

5. ரேடியோ அதை வானொலி அலையாக மாற்றி ஏரியலுக்கு அனுப்புகிறது.

அப்டேட் தொடுவது பெரும்பாலும் 2, 3 ஆகிய இரண்டு இடங்களைத்தான். இதை நினைவில் வையுங்கள்.

அப்டேட்டில் என்ன மாறியது?

பல ஆண்டுகளாக லினக்ஸில் சவுண்ட் சர்வர் வேலையைப் பார்த்து வந்தது பல்ஸ் ஆடியோ. சமீப ஆண்டுகளில் அதன் இடத்தைப் பைப்வயர் என்ற புதிய சர்வர் பிடித்துவிட்டது. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022), டெபியன் 12 (2023), லினக்ஸ் மின்ட் 22 (2024) என்று ஒவ்வொன்றாக மாறின. உபுண்டுவில் நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பை மட்டும் பயன்படுத்துபவர்கள் 22.04லிருந்து 24.04க்குத் தாவும்போதுதான் இந்த மாற்றத்தைச் சந்தித்தார்கள்.

பைப்வயர் நல்ல சர்வர்தான். பழைய புரோகிராம்கள் அதைப் பல்ஸ் ஆடியோ என்றே நினைத்து வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் இடைத்தரகர் மாறியதும் பழைய கணக்கு நோட்டு அப்படியே கைமாறுவதில்லை. நீங்கள் பார்த்துப் பார்த்து 30 சதவிகிதத்தில் வைத்திருந்த வால்யூம் 100க்குப் போயிருக்கலாம். சவுண்ட் கார்டின் பெயர் பட்டியலில் வேறு மாதிரி தெரியலாம். லேப்டாப் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலி ரேடியோவுக்குத் திரும்பியிருக்கலாம்.

ஆகவே "அப்டேட் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டது" என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய உட்கார வேண்டாம். அநேக நேரங்களில் எதுவும் கெட்டிருக்காது. நீங்கள் திருகி வைத்திருந்த திருகுகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

சத்தம் கூடினால் ஏன் பிரதிகள் வருகின்றன?

டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. 16 பிட் ஒலியில் மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் போக இடமில்லை. வால்யூமை 100 சதவிகிதத்துக்கும் மேலே ஏற்றினால், அலையின் உச்சி அந்த எண்ணில் முட்டித் தட்டையாகிவிடும். தலை வெட்டப்பட்ட பனைமரம் போல. இப்படித் தட்டையான அலையில் மூல ஒலியுடன் அதன் மடங்குகளும் சேர்ந்துவிடும். நீங்கள் அனுப்புவது 700 ஹெர்ட்ஸ் என்றால் அதன் மூன்று மடங்கான 2100 ஹெர்ட்ஸும் கூடவே போகும். ரேடியோவின் ஃபில்டர் ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸ் வரை உள்ளே விடும் என்பதால் அந்தப் போலியும் ஏரியலுக்குப் போய்விடும். மதுரை நண்பர் பார்த்த பிரதிகள் இவைதான்.

ரேடியோவுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. ஒலி அளவுக்கு மீறினால் ஏ.எல்.சி. என்ற தானியங்கி பிரேக் அழுத்தும். பேச்சுக்கு அது கொஞ்சம் அழுத்தினால் பரவாயில்லை. எஃப்.டி.8 போன்ற முறைகளுக்கு அது அழுத்தவே கூடாது. அழுத்தினால் சிக்னல் கெடும்.

அறிகுறியைப் பார்த்து நோயைக் கண்டுபிடியுங்கள்

டாக்டரிடம் போனால் முதலில் "என்ன செய்கிறது?" என்றுதான் கேட்பார். அதுபோல, உங்கள் ஒலி எப்படிக் கெட்டிருக்கிறது என்று முதலில் குறித்துக் கொள்ளுங்கள்.

* சிக்னல் தடித்து, பல இடங்களில் தெரிகிறது: வால்யூம் அதிகம்.

* ஒலி விட்டு விட்டு வருகிறது, டிக் டிக் என்று வெட்டுகிறது: சவுண்ட் சர்வர் நேரத்துக்கு ஒலியைத் தர முடியாமல் திணறுகிறது.

* சுருதி மாறி ஒலிக்கிறது. எதிர்முனைக் கம்ப்யூட்டர் படிக்க மறுக்கிறது: சாம்பிள் ரேட் ஒத்துப் போகவில்லை.

* உங்கள் ஒலியோடு மெயில் வந்த மணி, பாட்டு எல்லாம் சேர்ந்து போகிறது: ரேடியோவின் சவுண்ட் கார்டு, கம்ப்யூட்டரின் முதன்மை ஸ்பீக்கராக ஆகிவிட்டது.

* பவரைக் குறைத்தால் சரியாக இருக்கிறது, கூட்டினால் உறுமுகிறது: இது பெரும்பாலும் அப்டேட் கோளாறே அல்ல. இதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: ஏரியலைக் கழற்றுங்கள்

சோதனை செய்யும்போது ஏரியலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடு மாட்டவும். இது ரேடியோவின் சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக மாற்றிவிடும் சாதனம். ஏரியலும் இல்லாமல், டம்மி லோடும் இல்லாமல் ரேடியோவை ஒலிபரப்ப விட வேண்டாம். அதன் வெளியீட்டுப் பகுதி கெட்டுவிடலாம். பவரையும் 5 அல்லது 10 வாட்டுக்குக் குறைத்துக் கொள்ளவும்.

படி 2: நடுவில் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

ரேடியோவை ஆஃப் செய்துவிட்டு, லேப்டாப்பில் ஹெட்போனை மாட்டவும். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் புரோகிராமில் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் சென்று, கிடைக்கும் விண்டோவில் ஆடியோ டேபைக் கிளிக் செய்திடவும். அதில் அவுட்புட் என்ற இடத்தில் ரேடியோவுக்குப் பதிலாக லேப்டாப்பின் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுக்கவும். பக்கத்தில் ரேடியோ என்ற டேபில், ரிக் என்பதை "நன்" என்றும், பி.டி.டி. முறையை "வாக்ஸ்" என்றும் தற்காலிகமாக மாற்றி ஓகே கொடுக்கவும். முன்பு அங்கே என்ன இருந்தது என்று எழுதி வைத்துக் கொள்ள மறக்க வேண்டாம்.

இப்போது டியூன் பட்டனை அழுத்தவும். புல்லாங்குழலை ஒரே சுருதியில் ஊதுவது போன்ற சுத்தமான ஒலி கேட்க வேண்டும். சுத்தமாகக் கேட்டால் புரோகிராமும் சவுண்ட் சர்வரும் பொதுவாக நன்றாகவே இருக்கின்றன. கோளாறு ரேடியோ பக்கத்துச் சவுண்ட் கார்டின் அமைப்பில் இருக்கிறது. படி 3க்குச் செல்லவும். இங்கேயே ஒலி வெட்டினால் நேராகப் படி 5க்குச் செல்லவும்.

படி 3: வால்யூமை இரண்டு இடத்தில் பாருங்கள்

புரோகிராமில் ரேடியோ செட்டிங்கைப் பழையபடி மாற்றிக் கொண்டு, ஆடியோ டேபில் ரேடியோவின் சவுண்ட் கார்டை மறுபடி தேர்ந்தெடுக்கவும். பட்டியலில் அது யு.எஸ்.பி. ஆடியோ கோடெக், பர்-பிரவுன், பி.சி.எம். 2901 என்பது போன்ற பெயரில் இருக்கலாம். அப்டேட்டுக்குப் பின் பெயர் மாறியிருக்கக்கூடும் என்பதால் ஏற்கெனவே இருப்பதை நம்பாமல் நீங்களே ஒரு முறை தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்து, பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்திடவும். பெயரில் பல்ஸ் ஆடியோ இருந்தாலும் இது பைப்வயரிலும் வேலை செய்யும். டியூன் பட்டன் அழுத்தியிருக்கும்போது பிளேபேக் டேபைத் திறந்தால் டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் தெரியும். (ஒலி வரும்போது மட்டுமே அது அங்கே தோன்றும்.) அவுட்புட் டிவைசஸ் டேபில் ரேடியோவின் சவுண்ட் கார்டு தெரியும். இரண்டு இடத்திலும் ஸ்லைடர் 100 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இந்த ஸ்லைடர் 153 வரை போகும் என்பதைக் கவனிக்கவும். உபுண்டுவின் சவுண்ட் செட்டிங்ஸில் ஓவர் ஆம்ப்ளிஃபிகேஷன் என்ற ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்துவிடவும்.

இரண்டாவது இடம் ஆல்சா மிக்ஸர். டெர்மினல் விண்டோவைத் திறந்து ஆல்சாமிக்ஸர் என்று இடைவெளி விடாமல் சிறிய எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். முதலில் தெரிவது சவுண்ட் சர்வரின் ஒரே ஒரு ஸ்லைடர்தான். எஃப்6 கீயை அழுத்தி ரேடியோவின் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால் அதன் உண்மையான திருகுகள் தெரியும். மேல், கீழ் அம்புக் கீகளால் அளவை மாற்றலாம். ஸ்லைடருக்குக் கீழே எம்.எம். என்று இருந்தால் ஒலி மூடப்பட்டிருக்கிறது என்று பொருள். எம் கீயை அழுத்தித் திறக்கலாம். ஆட்டோ கெய்ன் கண்ட்ரோல் என்று ஒன்று இருந்தால் அதையும் மூடிவிடவும். அது நீங்கள் கேட்கும் ஒலியைத் தானாகவே ஏற்றி இறக்கி, சிக்னல் படிப்பதைக் கெடுக்கும். எஸ்கேப் கீ வெளியே கொண்டு வரும்.

படி 4: ரேடியோ மீட்டரைப் பாருங்கள்

டம்மி லோடு மாட்டிய நிலையில் ரேடியோவை ஆன் செய்து, மீட்டரை ஏ.எல்.சி. என்பதற்கு மாற்றவும். டியூன் பட்டனை அழுத்தி, டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் விண்டோவின் வலது ஓரத்தில் இருக்கும் பவர் ஸ்லைடரை மெல்ல இறக்கவும். ஏ.எல்.சி. முள் அசையாமல் நிற்கும் இடம் வரை இறக்க வேண்டும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். எவ்வளவு வாட் என்பதை ரேடியோவின் பவர் திருகில் வைத்துக் கொள்ளலாம். ஒலியைக் கூட்டிப் பவரைக் கூட்ட முயல வேண்டாம்.

இன்னொரு உதவியும் இந்தப் புரோகிராமில் இருக்கிறது. செட்டிங்ஸில் ரேடியோ டேபில் ஸ்பிலிட் ஆப்பரேஷன் என்பதில் "ரிக்" அல்லது "ஃபேக் இட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், அனுப்பும் ஒலியை எப்போதும் 1500க்கும் 2000க்கும் இடையில் இருக்கும்படி புரோகிராமே பார்த்துக் கொள்ளும். அப்போது மடங்குகள் 3000க்கும் மேலே போய்விடும். ரேடியோவின் ஃபில்டர் அவற்றைத் தடுத்துவிடும். அப்டேட் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை வைத்திருப்பது நல்லது.

படி 5: வெட்டும் ஒலிக்கு மருந்து

ஒலி விட்டு விட்டு வந்தால் டெர்மினலில் பி.டபிள்யூ.-டாப் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பி, டபிள்யூ, ஒரு சிறு கோடு, பிறகு டாப். பைப்வயர் வழியே போகும் ஒவ்வொரு ஒலியும் ஒரு வரியாகத் தெரியும். இதில் இரண்டைக் கவனிக்கவும். ரேட் என்ற கட்டத்தில் 48000 இருக்க வேண்டும். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் பயன்படுத்தும் வேகம் அதுதான். எர்ர் என்ற கட்டத்தில் உள்ள எண் ஏறிக் கொண்டே போனால், ஒலி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

பைப்வயர் ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. இந்த மூட்டையின் அளவுக்கு குவாண்டம் என்று பெயர். வழக்கமான அளவு 1024. அதாவது ஏறக்குறைய 21 மில்லி விநாடி. பழைய லேப்டாப்பில் வேறு வேலைகள் நடக்கும்போது அடுத்த மூட்டையை அதற்குள் கட்டி முடிக்க முடியாமல் போகலாம். பிரவுசரையும் மற்ற புரோகிராம்களையும் மூடிப் பாருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டி, பவர் சேவர் முறையை ஆஃப் செய்து பாருங்கள். அப்போதும் வெட்டினால் பைப்வயரின் குவாண்டத்தை 2048 ஆக உயர்த்தலாம். மூட்டை பெரிதானால் அவசரம் குறையும். எஃப்.டி.8க்கு இந்தச் சிறு தாமதத்தால் பாதிப்பில்லை.

படி 6: மணியோசையை நிறுத்துங்கள்

சிஸ்டத்தின் சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் என்பதற்கு லேப்டாப்பின் ஸ்பீக்கரை முதன்மையாக வைக்கவும். ரேடியோவின் சவுண்ட் கார்டை டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மட்டுமே பயன்படுத்த வேண்டும். எச்சரிக்கை ஒலிகளையும் மூடிவிடவும். உங்கள் மெயில் மணியை கொழும்பில் இருப்பவர் கேட்க வேண்டிய அவசியம் இல்லை!

படி 7: அப்டேட்தான் குற்றவாளியா?

இதுவரை செய்தும் சரியாகவில்லை என்றால் சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பழைய கெர்னல். உபுண்டு, டெபியன் போன்றவை புதிய கெர்னலைப் போடும்போது முந்தையதையும் வைத்திருக்கும். கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது ஷிஃப்ட் கீயை (புதிய கம்ப்யூட்டர்களில் எஸ்கேப் கீயை) அழுத்தினால் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கவும். அதில் ஒலி சரியாக இருந்தால் கோளாறு ஆல்சா பகுதியில்தான். அடுத்த கெர்னல் அப்டேட் வரும் வரை பழையதையே பயன்படுத்தலாம்.

இரண்டாவது, லைவ் யு.எஸ்.பி. நீங்கள் முன்பு பயன்படுத்திய லினக்ஸ் பதிப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஸ்டார்ட் செய்திடவும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதுவும் மாறாது. அதிலும் ஒலி கெட்டிருந்தால் அப்டேட் நிரபராதி! கோளாறு கேபிளிலோ ரேடியோவிலோ இருக்கிறது.

படி 8: உப்புக் காற்றையும் சந்தேகியுங்கள்

தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம். உப்பளங்களின் மேல் வீசி வரும் காற்று கனெக்டர்களைச் சும்மா விடாது. ஏரியல் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்தால் தொடர்பு கெடும். ரேடியோவின் சக்தி ஏரியலுக்குப் போகாமல் யு.எஸ்.பி. கேபிள் வழியே திரும்பி வந்து ஒலியைக் கெடுக்கும். பவரைக் கூட்டினால் மட்டும் உறுமுவது இதனால்தான். கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும். யு.எஸ்.பி. கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டவும். டம்மி லோடில் சுத்தமாகவும் ஏரியலில் மோசமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை.

பவர் சப்ளையையும் பாருங்கள். 100 வாட் ரேடியோவுக்கு 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் வேண்டும். ஒலிபரப்பும்போது வோல்டேஜ் நன்றாக இறங்கினால் ஒலி கெடும். இந்தக் கோளாறு அப்டேட் செய்த அதே வாரத்தில் வந்தால், பழி அப்டேட்டின் மேல் விழுந்துவிடும்!

ஏன் இவ்வளவு கவலை?

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு சிரமமா?" என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், அனுமதி பெற்று அந்தமானில் போர்ட் பிளேரில் ஒரு நிலையம் அமைத்து உலகெங்கும் பேசிக் கொண்டிருந்தார். அந்த இடத்திலிருந்து ஹாம்கள் பேசுவதே அபூர்வம். டிசம்பர் 26 காலையில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. பொழுதுபோக்குக்காக வைத்த அதே ரேடியோ, தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி கொண்டு போகும் நிலையமாக மாறியது.

நம் பக்கமும் மறக்க முடியாத நாட்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சாயர்புரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே மாட்டிக் கொண்டார்கள். பல ஊர்களில் கரண்ட் இல்லை, செல்போனும் இல்லை. அப்படி ஒரு நாளில் உங்கள் நிலையம் பேச வேண்டியிருந்தால், அன்றைக்கு உட்கார்ந்து வால்யூம் ஸ்லைடரைத் தேடிக் கொண்டிருக்க முடியுமா?

இனி செய்ய வேண்டியவை

* ஒரு நோட்டு வையுங்கள். எல்லாம் சரியாக இயங்கும் நாளில் ஆல்சா மிக்ஸர் அளவு, வால்யூம் சதவிகிதம், பவர் ஸ்லைடர் இருக்கும் இடம், சவுண்ட் கார்டின் பெயர் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் வைக்கவும். அப்டேட் செய்தபின் ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

* டைம்ஷிஃப்ட் புரோகிராமில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அப்டேட் செய்திடவும். கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். லினக்ஸ் மின்ட்டில் இது ஏற்கெனவே இருக்கும்.

* தினசரி வரும் பாதுகாப்பு அப்டேட்டும், ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குத் தாவுவதும் வேறு வேறு. முன்னதைத் தவறாமல் செய்யவும். பின்னதை ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் செய்ய வேண்டாம். கோடையில் நிதானமாகச் செய்து, ஒரு வாரம் சோதித்துப் பார்க்கவும்.

* ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகை மட்டும் மாற்றவும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. எது கெடுத்தது என்றும் தெரியாது.

* சரி செய்தபின் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, உங்கள் சிக்னலைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் அனுப்பும் ஒலி நமக்குக் கேட்காது அல்லவா?

* கம்ப்யூட்டரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ரேடியோவுடன் வந்த மைக்கை எடுத்து அவ்வப்போது பேசிப் பழகுங்கள். கம்ப்யூட்டர் கைவிட்டாலும் அது கைகொடுக்கும்.

அடுத்த முறை அப்டேட் செய்தி வரும்போது தயங்க வேண்டாம். நோட்டு கையில் இருந்தால் தைரியமாக ஓகே கிளிக் செய்யலாம்.